மண்ணும் நீரும் மனித நலமும்: ஒரு பன்னாட்டு முதுநிலைப் படிப்பு எவ்வாறு அமைய வேண்டும்?

(நமது ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றி நாம் பொதுவாகப் பேசுவதுண்டு. இவ்வாண்டு அவ்வாறு பொதுவாகப் பேசாமல், ஒரே ஒரு படிப்பைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். அதற்குக் காரணம் ஒரு தந்தை கேட்ட கேள்வியாகும்.

ஒரு தந்தையின் கேள்வி

சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தம் மகளுடன் நம்மைச் சந்திக்க வந்தார். அந்தப் பிள்ளை வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். சுற்றுச்சூழலையும் மனிதனின் உடல்நலத்தையும் இணைத்துக் கற்பிக்கும் ஒரு முதுநிலைப் படிப்பு வெளிநாட்டில் இருப்பதாகவும், ஒரு பருவம் ஒரு நாட்டிலும் மறு பருவம் வேறொரு நாட்டிலுமாகப் பயில வேண்டும் என்றும் கூறினார். தந்தை நம்மிடம், "ஹஜ்ரத், இது டாக்டருக்குப் படிப்பதா, இஞ்சினியருக்குப் படிப்பதா? இரண்டும் இல்லையென்றால் இதைப் படித்து என்ன செய்வது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அன்று நம்மிடம் பதில் இல்லை. மத்ரஸாவில் ஓதிய நமக்குப் பல்கலைக்கழகங்களின் நடைமுறை அவ்வளவாகத் தெரியாது. "சில நாள் அவகாசம் கொடுங்கள், விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம். படித்தும், படித்தவர்களிடம் கேட்டும் நாம் தெரிந்துகொண்டவற்றைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறோம். அந்தச் சகோதரருக்குச் சொல்ல வேண்டிய பதில், பாலாற்றங்கரையில் குடியிருக்கும் நம் அனைவருக்கும் உரிய பதில் என்பதால் இதனைப் பொதுமேடையில் பேசுகிறோம்.

மருத்துவரும் ஒரு மதகுருவும்

நோய் உடலுக்குள்ளே தோன்றுகிறது, அதைப் பார்க்க மருத்துவர் இருக்கிறார் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் நோயின் வேர் பல வேளைகளில் உடலுக்கு வெளியே, குடிக்கும் நீரிலும் சுவாசிக்கும் காற்றிலும் உழும் மண்ணிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், 2012ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 26 இலட்சம் பேர் சுற்றுச்சூழல் சார்ந்த காரணங்களால் இறந்ததாக மதிப்பிட்டுள்ளது. அதாவது, அவ்வாண்டு இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்ட முதல் பாடங்களில் ஒன்று 1854ஆம் ஆண்டு இலண்டனில் நடந்தது. சோஹோ என்னும் பகுதியில் காலரா பரவி, சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று அக்காலத்து மருத்துவ உலகம் நம்பியிருந்தது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் தண்ணீரின் மீது ஐயம் கொண்டார். இறந்தவர்கள் எந்தெந்த வீட்டினர், எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்து, பிராட் தெருவில் இருந்த அடிபம்பைச் சுட்டிக்காட்டினார். அவர் சொல்லைக் கேட்டு அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் கூட அறிவார்கள். அவ்வளவாக அறியப்படாத இன்னொருவரும் அதில் உண்டு. அவர் பெயர் ஹென்றி வைட்ஹெட், அந்தப் பகுதித் தேவாலயத்தின் இளம் உதவி குரு. மருத்துவர் ஸ்நோ சொல்வது தவறு என்றே அவர் முதலில் நினைத்தார். தவறு என்று நிரூபிக்கவே வீடுவீடாகச் சென்று விசாரித்தார். எல்லா வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்தது, ஏனெனில் அவர் அம்மக்களின் சுகதுக்கங்களில் கூடவே இருந்தவர். அந்த விசாரணையின் முடிவில், மருத்துவர் சொன்னதே சரி என்று அவரே கண்டார். அதுமட்டுமன்று, பம்புக்கு அருகிலிருந்த ஒரு வீட்டில் நோயுற்றுக் கிடந்த கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதையும் அவர்தான் கண்டுபிடித்தார். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழியின் கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது தெரிய வந்தது.

மருத்துவருக்கு நோய் தெரிந்தது. குருவுக்கு வீடுகள் தெரிந்தன. குழியைத் தோண்டிப் பார்த்தவருக்குக் கட்டுமானம் தெரிந்தது. மூவரின் அறிவும் ஒன்று சேர்ந்தபோதுதான் உண்மை முழுமையாக வெளிப்பட்டது. நாம் இன்று பேசும் படிப்பின் கரு இதுவேயாகும்.

எல்லை தாண்டாத அறிவு

"சரி, இதனை நம் ஊரிலேயே படிக்கலாமே, பன்னாட்டுப் படிப்பு எதற்கு?" என்ற கேள்வி எழலாம். அதற்கு நம் அண்டை நாட்டில் நடந்ததை விடச் சிறந்த விடை இல்லை.

பங்களாதேஷில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்துகொண்டிருந்தனர். அதைத் தடுப்பதற்காக 1970களில் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளின் உதவியோடு ஆழ்குழாய்கள் இறக்கப்பட்டன. பின்னர் மக்கள் தாங்களாகவே இலட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டனர். நல்ல நோக்கம், கிருமியற்ற நீர், ஆண்டுதோறும் காப்பாற்றப்பட்ட குழந்தைகள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த மண்ணின் மேலடுக்கு நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அதற்கு நிறமில்லை, சுவையில்லை, மணமில்லை. கிருமியைப் பார்த்தவர்கள் மண்ணைப் பார்க்கவில்லை.

எல்லையின் இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், 1983ஆம் ஆண்டே கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா ஆர்சனிக்கால் தோல் பாதிக்கப்பட்ட நோயாளிகளை அடையாளம் கண்டுவிட்டார். 1987ஆம் ஆண்டளவில் பங்களாதேஷிலிருந்து வந்த நோயாளிகளும் அவர்களில் இருந்தனர். ஆயினும் பங்களாதேஷின் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது 1993ஆம் ஆண்டில்தான் உறுதி செய்யப்பட்டது. ஒரே மண், ஒரே மொழி, ஒரே நஞ்சு. நோயாளி எல்லையைக் கடந்து வந்துவிட்டார், அறிவு கடந்து செல்ல ஆண்டுகள் பிடித்தன. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு, அந்நாட்டின் 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது.

மருத்துவரும் நிலவியலாளரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்திருந்தால், இரு நாட்டு மாணவர்களும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால், அந்த ஆண்டுகளில் சிலவாவது மிச்சமாகியிருக்கும். ஆற்றுக்கும் காற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் நாட்டெல்லை தெரியாது. அவற்றைப் பற்றிய படிப்பு மட்டும் நாட்டெல்லைக்குள் நின்றுவிடுவது பொருந்தாது.

படிப்பு எவ்வாறு உருவாக்கப்படுகிறது

இனி, இத்தகைய படிப்பை எவ்வாறு உருவாக்குகிறார்கள் என்று பார்ப்போம். சுற்றுச்சூழலையும் மனித நலத்தையும் இணைக்கும் எண்ணம் பல பெயர்களில் வளர்ந்திருக்கிறது. மனிதன், விலங்கு, சூழல் ஆகிய மூன்றின் நலமும் ஒன்றே என்னும் நோக்கில் இலண்டனின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் அரச கால்நடைக் கல்லூரியும் சேர்ந்து ஒரு முதுநிலைப் படிப்பை நடத்துகின்றன. பூமியின் இயற்கை அமைப்புகள் சிதைந்தால் மனித நலமும் சிதையும் என்ற கருத்தை 2015ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் அமைத்த ஆணையம் விரிவாக எடுத்துரைத்தது.

பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே பட்டத்தை வழங்கும் முறைக்கு ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2004ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்தில் மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த குறைந்தது மூன்று பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர வேண்டும். மாணவர் தாம் வசிக்கும் நாடல்லாத இரு நாடுகளிலேனும் சென்று படிக்க வேண்டும். தேர்வு பெறும் மாணவருக்கு மாதம் 1,400 யூரோ வீதம் அதிகபட்சம் 24 மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. புதிதாக ஒரு படிப்பை வடிவமைக்க விரும்பும் பல்கலைக்கழகத்திற்கு, 15 மாத காலத்துக்குத் தனியே நிதி ஒதுக்கப்படுகிறது. இதைக் கேட்டபோது நமக்கு வியப்பாக இருந்தது. பாடம் நடத்துவதற்கு முன், பாடத்தை யோசிப்பதற்கே ஓராண்டுக்கும் மேல் தேவை என்று அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா?

அந்தப் பதினைந்து மாதத்தில் அப்படி என்ன யோசிக்கிறார்கள்? முதலில், அளவுகோலை. ஒரு நாட்டில் படித்ததை மறு நாடு எப்படி ஏற்றுக்கொள்வது? 1999ஆம் ஆண்டு பொலோனியா நகரில் 29 நாடுகள் ஒப்பமிட்ட பிரகடனத்தின் பின் ஐரோப்பாவில் ஒரு பொது அளவு நிலைபெற்றது. ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 மதிப்பலகுகள், ஓர் அலகு என்பது மாணவர் உழைக்கும் 25 முதல் 30 மணி நேரம். ஆகவே இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு 120 அலகுகள், 3,000 மணி நேரத்துக்குக் குறையாத உழைப்பு. அடுத்து மதிப்பெண். பிரான்சில் 20க்கு எண்ணுகிறார்கள், இத்தாலியில் 30க்கு. ஜெர்மனியிலோ 1 என்பதே மிகச் சிறந்த மதிப்பெண், 4ஐத் தாண்டினால் தோல்வி. இவற்றையெல்லாம் ஒன்றுக்கொன்று ஈடாக்கும் அட்டவணையை முன்கூட்டியே வகுக்காவிட்டால், ஒரு நாட்டில் முதலிடம் பெற்ற மாணவர் மறு நாட்டில் சாதாரணமானவராகிவிடுவார்.

இந்த ஈடாக்கும் சிக்கலின் வலியை நம் போன்றோர் நன்கறிவோம். மத்ரஸாவில் ஏழாண்டு ஓதிப் பெற்ற ஸனதை ஒரு கல்லூரி அலுவலகத்தில் நீட்டியபோது, "இது எதற்குச் சமம்?" என்று கேட்கப்பட்டு, விடை சொல்லத் தெரியாமல் திரும்பிய நாள் நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே மாணவர்களுக்கு நாம் அழுத்தமாகச் சொல்வது இதுதான்: சேருவதற்கு முன்பே, "பட்டம் யார் பெயரில் வரும், அது இந்தியாவில் எதற்குச் சமம்?" என்று எழுத்தில் கேளுங்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே சான்றிதழாக வழங்குவது ஒரு வகை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சான்றிதழ் வழங்குவது மற்றொரு வகை. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் வழங்குவதற்கான விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. வழி திறந்திருக்கிறது, நடப்பவர்தாம் தேவை.

பாடத்தில் இருக்க வேண்டியவை

வடிவத்தை விட உள்ளடக்கம் முக்கியம். இதில் நாம் அறிஞர் அல்லர். ஆயினும் பாதிக்கப்பட்ட மண்ணில் வாழ்பவர் என்ற முறையில் சில கருத்துகளைச் சொல்ல உரிமையுண்டு என எண்ணுகிறோம்.

முதல் பருவம் எல்லோரையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மருத்துவம் படித்து வந்தவர் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது, கழிவு மண்ணில் எப்படி இறங்குகிறது என்று கற்க வேண்டும். வேதியியலும் பொறியியலும் படித்து வந்தவர், ஒரு நோய் ஒரு கூட்டத்தாரிடையே ஏன் மிகுதியாக இருக்கிறது என்று கணக்கிடும் நோய்ப்பரவலியலைக் கற்க வேண்டும். புள்ளியியல் இருவருக்கும் பொது. நஞ்சு இருப்பது வேறு, அது உடலுக்குள் போவது வேறு, போனதால் நோய் வந்தது என்று நிறுவுவது வேறு. இந்த மூன்று படிகளையும் பிரித்தறியத் தெரியாதவர் ஊரைப் பயமுறுத்துவார், அல்லது ஊரை ஏமாற்றுவார்.

இரண்டாவதாக, எதிர்பார்த்த விடை வராதபோதும் அதை மறைக்காத நேர்மை கற்பிக்கப்பட வேண்டும். விறகடுப்புப் புகையைக் குறைத்தால் கருவிலுள்ள குழந்தையின் எடை கூடுமா என்று இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்களிடம் ஒரே நேரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் இது நம் தமிழ்நாட்டிலேயே, சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தாரின் பங்கேற்புடன் நடைபெற்றது. பாதிப் பெண்களுக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மற்றவர்களுடையதில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022ஆம் ஆண்டு வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வாளர்கள் அதை அப்படியே வெளியிட்டார்கள். புகை நல்லது என்று அதற்குப் பொருளன்று. ஒரு தீங்கை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பதே பாடம்.

மூன்றாவதாக, உண்மையைச் சொல்லும் துணிவும், சொல்பவரைக் காக்கும் சட்டமும் பாடத்தில் இடம்பெற வேண்டும். ஜப்பானின் மினமாட்டா என்னும் மீனவ ஊரில் 1956ஆம் ஆண்டு ஒரு விநோத நரம்பு நோய் கண்டறியப்பட்டது. கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, மக்கள் செத்தனர். அவ்வூரின் இரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனித உடலுக்குச் சென்றதே காரணம். அத்தொழிற்சாலையின் மருத்துவமனையிலேயே பணியாற்றிய மருத்துவர் ஹொசோகாவா, 1959ஆம் ஆண்டில் ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. ஆனால் அந்த முடிவு வெளியே வரவில்லை. கழிவு விடுவது 1968இல்தான் நின்றது. ஹொசோகாவா 1970ஆம் ஆண்டு, மரணப் படுக்கையில் இருந்தபடி நீதிமன்றத்துக்குச் சாட்சியம் அளித்தார். அறிவு அவரிடம் இருந்தது. சம்பளமும் அதே ஆலையிடமிருந்து வந்தது. இந்த இரண்டுக்கும் இடையில் நசுங்கிய ஒரு நல்ல மனிதரின் வரலாறு அது.

நம் கிணறு

இந்த மினமாட்டா வரலாற்றைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

நாம் இப்பள்ளிவாசலில் பொறுப்பேற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. நாம் வந்தபோதே ஹவுளுக்குக் கிணற்று நீர் விடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஒளுச் செய்தால் முகத்தில் உப்புப் பூக்கிறது என்று முதியவர்கள் சொல்வார்கள். அதே முதியவர்கள், தங்கள் சிறுவயதில் அந்தக் கிணற்று நீரையே நோன்பு திறக்கக் குடித்ததாகவும் சொல்வார்கள். இடையில் நடந்தது என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பு, ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வந்த குரோம் உப்பு எல்லாம் கரைந்து எங்கே போயின என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

நாடு கேட்டது. பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்றும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. அதன் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆயினும் சிக்கல் தீரவில்லை என்பதால்தான் 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் இதே ஆற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்தது. சட்ட மாணவர்கள் உலகெங்கும் நம் ஆற்றைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் படிக்கவில்லை.

நம் ஊரின் சோறு தோலில் இருந்து வருகிறது. இந்த மேடைக்கும், இந்தப் பரிசுகளுக்கும், நமது சம்பளத்துக்கும் கொடுத்த கைகளில் தோல் ஷாப்புக் கைகளே மிகுதி. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. தொழிலை மூடிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர், தொட்டியில் இறங்கி வேலை செய்யும் தொழிலாளியின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அதே தொழிலாளியின் கையிலுள்ள புண்ணையும் இருமலையும் பார்த்தும், பதினாறு ஆண்டுகள் நாம் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதும் உண்மை. வைட்ஹெட் என்ற அந்த இளங்குரு வீடுவீடாகப் போனார். நாம் போகவில்லை. நமக்கும் ஹொசோகாவாவின் அச்சமே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பதினாறு ஆண்டுகளில் நான்கு முறை வெவ்வேறு குழுவினர் வந்து நம் பள்ளிவாசல் கிணற்றில் தண்ணீர் எடுத்துச் சென்றார்கள். புட்டிகளில் நிரப்பி, எண் ஒட்டி, நம்மிடம் கையொப்பமும் வாங்கினார்கள். ஒருமுறை தெருவாசிகளின் இரத்தமும் எடுத்தார்கள். யார் என்று பெயர் சொல்ல நாம் விரும்பவில்லை. அவர்களில் ஒருவரேனும் திரும்பி வந்து, "உங்கள் கிணற்றில் இன்னது இருக்கிறது, இன்னது இல்லை" என்று தமிழில் ஒரு தாள் கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீர் எங்கோ ஒருவருக்குப் பட்டமாகியிருக்கும். நமக்கு அது இன்றும் விடை தெரியாத கிணறுதான்.

ஆகவே பன்னாட்டு முதுநிலைப் படிப்பு ஒன்றை யாரேனும் உருவாக்க முனைந்தால், அதில் இருக்க வேண்டிய முதல் விதியாக நாம் வேண்டுவது இதுவே: மாணவர் எந்த ஊரில் மண்ணும் நீரும் இரத்தமும் எடுக்கிறாரோ, அந்த ஊர் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே முடிவைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பட்டம் தர வேண்டும். அதற்கென்று மதிப்பலகு ஒதுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஊரிலுள்ள கல்லூரியும் கூட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றாக, சம மதிப்புடன் அமர வேண்டும். நோய் ஒரு நாட்டிலும் பட்டம் வேறொரு நாட்டிலுமாக இருந்தால், அது பன்னாட்டுப் படிப்பு ஆகாது, மாதிரி எடுக்கும் சுற்றுலாவாகவே முடியும்.

நமது வேண்டுகோள்கள்

அந்தத் தந்தையின் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறோம். இது டாக்டருக்குப் படிப்பதும் அன்று, இஞ்சினியருக்குப் படிப்பதும் அன்று. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசச் செய்பவருக்கான படிப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பொது சுகாதாரத் துறை, ஆய்வு நிறுவனங்கள், ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு ஆகியவற்றில் இத்தகையோருக்கு வேலை உண்டு. வெளிநாட்டில் நம் தோலை வாங்குவோரே, கழிவு எங்கே போகிறது என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. வேலை உறுதி என்று நாம் வாக்களிக்க மாட்டோம். வேலைக்குத் தேவை இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

இறுதியாக, நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, ஜமாஅத்தின் கல்வி நிதியிலிருந்து மருத்துவம், பொறியியல் மாணவர்களுக்கு வழங்கும் உதவியை இவ்வகைப் படிப்புக்கு விண்ணப்பிப்போருக்கும் விரிவாக்க வேண்டும். உதவித்தொகை கிடைத்துவிட்டாலும், விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, விசா, முதல் மாதச் செலவு ஆகியவற்றுக்கு ஒரு நடுத்தரக் குடும்பம் தடுமாறும். அத்தடுமாற்றத்தில் நாம் கை கொடுக்க வேண்டும். பெண் பிள்ளை என்பதால் இவ்வுதவி குறையக் கூடாது.

இரண்டு, பள்ளிவாசல் கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் ஜமாஅத் செலவிலேயே பரிசோதித்து, முடிவைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டு முதல் இந்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் கிணற்றின் கணக்கும் அச்சாக வேண்டும்.

மூன்று, இனி ஆய்வுக்கென வருவோரை வரவேற்போம், ஆனால் முடிவைத் திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதி பெற்ற பின்பே கையொப்பமிடுவோம். இந்தக் கையொப்பம் நம்முடையது என்பதால், இந்த மூன்றாவதை யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் இன்றிலிருந்தே நாம் கடைப்பிடிக்கப் போகிறோம்.

இந்த உரையால் யாருடைய மனமேனும் வருந்தியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். தோல் தொழில் நடத்தும் நம் சகோதரர்களில் ஒருவர், இவ்வுரையின் சுருக்கத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டு, "ஹஜ்ரத், முதல் பரிசோதனைக்கான கட்டணத்தை நான் தருகிறேன், முடிவு எப்படி வந்தாலும் ஒட்டுங்கள்" என்று சொன்னார். அந்தச் சொல் நமக்குத் தெம்பளித்தது.

அந்த வேதியியல் மாணவியும் இன்று இந்த அவையில் இருக்கிறார். விண்ணப்பத்தோடு, தாம் ஏன் இதைப் படிக்க விரும்புகிறார் என்று ஒரு கடிதமும் எழுத வேண்டுமாம். எப்படி எழுதுவது என்று நம்மிடம் கேட்டார். அவருக்கு நாம் சொன்னது இதுதான்: "நம் கிணற்றைப் பற்றி எழுதுங்கள், மகளே. அதில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் நமக்குச் சொல்லவில்லை, நீங்கள் படித்து வந்து சொல்லப் போவதாக எழுதுங்கள்."